நடைமுறைப் பேராசிரியர் வள்ளித்தாய்

விருதுநகரிலிருந்து சாத்தூர் போகும் நாலுவழிச் சாலையில் முத்துமாரியம்மாள் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று வளைவு வைத்திருக்கும். உள்ளே துணைவேந்தர் அறைக்குப் போகும் நடையில் இரண்டு பக்கச் சுவரிலும் கண்ணாடிச் சட்டம் போட்ட படங்கள். எல்லாப் படத்திலும் வேந்தர் ரத்தினசாமி ஒரு வெளிநாட்டுக்காரரோடு கை குலுக்கிக்கொண்டிருப்பார். படத்துக்குக் கீழே அந்தப் பல்கலைக்கழகத்தோடு போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் முதல் பக்கம். மொத்தம் நாற்பத்து மூன்று ஒப்பந்தங்கள். முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டதற்குச் சட்டத்தின் அளவு ஒரு காரணம். இரண்டாம் பக்கத்தை யாரும் படித்ததில்லை என்பது இன்னொரு காரணம்.

ரத்தினசாமிக்கு முதலில் பட்டாசு, அப்புறம் காலண்டர் அச்சகம், அப்புறம் பொறியியல் கல்லூரி. கல்லூரி வளர்ந்து, தாயார் பெயரில் பல்கலைக்கழகமானது. பட்டாசுக்கு ஊர் ஊராக ஏஜென்ட் பிடித்த பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. ஒவ்வொரு கோடையிலும் மனைவி லட்சுமிகாந்தத்தோடு வெளிநாட்டுச் சுற்றுலா போவார். பெட்டியில் பன்னிரண்டு பொன்னாடை இருக்கும். காலையில் பனிமலை, மத்தியானம் பல்கலைக்கழகம். பனிமலையில் எடுத்த படம் வீட்டு ஹாலுக்கு, பல்கலைக்கழகத்தில் எடுத்த படம் இந்த நடைக்கு. வளாகத்துக்குள் தன்னை யாரும் அண்ணாச்சி என்று கூப்பிடக் கூடாது, வேந்தர் என்றே சொல்ல வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார். அதை மீறுகிற ஒரே ஆள் அவர்தான். போனை எடுத்ததும், "அண்ணாச்சி பேசுறேன்" என்பார்.

இந்த நாற்பத்து மூன்று உறவுகளையும் பராமரிக்கிற வேலை பாண்டிச்செல்விக்கு. ஆங்கிலத் துறையில் உதவிப் பேராசிரியர், வயது முப்பத்தொன்று. இரண்டு வருடத்துக்கு முன்னால் போர்ச்சுகலிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தபோது, இதற்கு யாராவது பதில் எழுத முடியுமா என்று துணைவேந்தர் கனகசபாபதி ஆசிரியர் அறையில் வந்து கேட்டார். பாண்டிச்செல்வி எழுதிக் கொடுத்தாள். மறுநாள் அவள் சர்வதேச உறவுகள் இயக்குநர். பதவியோடு பாதி அறை, ஒரு பிரிண்டர், மேசையில் வைக்கிற சின்னக் கொடிகள் ஒரு பெட்டி கிடைத்தன. ஆங்கில வகுப்புகள் குறையவில்லை.

அவள் ஏழாயிரம்பண்ணைக்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்கு ஒன்பது வயது, அக்கா வள்ளித்தாய்க்குப் பதினெட்டு. அந்த வாரமே வள்ளித்தாய் பட்டாசு கம்பெனி வேனில் ஏறினாள். இருபத்திரண்டு வருடமாக ஏறிக்கொண்டிருக்கிறாள். தங்கையின் பள்ளிக்கூடம், கல்லூரி, எம்.ஃபில். எல்லாம் அந்த வேனில் ஏறி இறங்கிக் கிடைத்ததுதான். கம்பெனி ரத்தினசாமியுடையது. பல்கலைக்கழகத்தில் இது யாருக்கும் தெரியாது. கேட்டவர்களிடம், "அக்கா கம்பெனியில இருக்காங்க" என்பாள் பாண்டிச்செல்வி. அதில் பொய் ஒன்றும் இல்லை. கேட்டவர்கள் சென்னையில் ஏதோ கண்ணாடிக் கட்டடத்தை நினைத்துக்கொண்டால் அதற்கு அவள் பொறுப்பில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அதைத் தினமும் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த ஜனவரியில் பல்கலைக்கழகங்களுக்குத் தரம் போடும் குழுவிடமிருந்து புதுப் படிவம் வந்தது. போன தடவை, எத்தனை வெளிநாட்டு ஒப்பந்தங்கள் என்று மட்டும் கேட்டிருந்தார்கள். இந்தத் தடவை பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போட்டு, ஒப்பந்தத்தின்படி நடந்தது என்ன என்று கேட்டிருந்தார்கள். கனகசபாபதி பாண்டிச்செல்வியைக் கூப்பிட்டார்.

"நாப்பத்து மூணு எம்.ஓ.யூ. இருக்கு. ஒண்ணுலயாவது எதாவது நடந்திருக்கா?"

"போர்ச்சுகல்காரங்க போன வருஷம் புத்தாண்டு வாழ்த்து அனுப்பினாங்க சார்."

"அதைக் கலாச்சாரப் பரிமாற்றம்னு போட்டுக்கலாம்," என்று அவர் குறித்துக்கொண்டார். "மத்த நாப்பத்து ரெண்டு பேருக்கும் ஒரு லெட்டர் போடுங்க. எதாவது நடத்தணும்னு கேளுங்க."

அவள் எல்லாருக்கும் எழுதினாள். ஐந்து பதில் வந்தது. ஒரு பல்கலைக்கழகம் மூன்று வருடத்துக்கு முன்பே இன்னொன்றோடு இணைந்துவிட்டதாம். கையெழுத்துப் போட்டவர் இப்போது ஓட்டல் நடத்துகிறாராம். இன்னொன்று, தாங்கள் யார் என்று மரியாதையாக விசாரித்திருந்தது. மூன்றாவது, தங்களுக்கும் ஒரு தரக் குழு வருகிறது, ஒப்பந்தத்தின்படி ஏதாவது நடந்திருந்தால் தயவுசெய்து தெரிவிக்கவும் என்று திருப்பிக் கேட்டிருந்தது. போர்ச்சுகல்காரர்கள் மறுபடி வாழ்த்து அனுப்பியிருந்தார்கள்.

ஐந்தாவது, பின்லாந்தில் ஹல்லமாகி என்ற சுரங்க ஊரின் பல்கலைக்கழகம். எழுதியவர் மர்யா என்ற பேராசிரியர். வெடிபொருள் வேதியியல்காரர். "உங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவில் சொல்லியுள்ளபடி உங்களிடம் இயங்கிவரும் வெடிபொருள் பாதுகாப்பு ஆய்வு மையத்தைப் பார்க்கப் பிப்ரவரி பதினான்காம் தேதி வருகிறேன். மையத்தின் விவரங்களை முன்கூட்டி அனுப்பவும்."

பாண்டிச்செல்வி அலமாரியிலிருந்து கோப்பை எடுத்து இரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள். நான்காம் பிரிவு இருந்தது. மையம்தான் இல்லை.

வேந்தரிடம் போனார்கள். அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "அந்த ஊர்ல சுரங்கத்துக்கு வெடி வைப்பாக. நீங்க பட்டாசுக்காரராச்சே, பாதுகாப்புக்கு என்ன செய்றீகன்னு கேட்டாக. அவுக வீட்டு மேசையில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு ஒண்ணும் செய்யலைன்னு எப்பிடிம்மா சொல்றது? ஒரு மையமே நடத்துறோம்னேன். எழுதிக்கிட்டாக."

"வர வேண்டாம்னு எழுதிரலாமா வேந்தர்?" என்றார் கனகசபாபதி.

"எதுக்கு? கமிட்டிக்குக் காட்ட ஒரு வெள்ளைக்காரியாவது வேணும்லா? வரட்டும். இன்னும் இருவது நாள் கெடக்கு. சீசன்ல இருவது நாள்ல நான் ரெண்டு குடோன் கட்டியிருக்கேன்."

விளையாட்டுச் சாமான் போட்டிருந்த அறையைக் காலி செய்தார்கள். சொந்த அச்சகத்தில் ஒரே மத்தியானத்தில் பெயர்ப்பலகை தயாரானது. வேதியியல் துறையிலிருந்து மூன்று கண்ணாடி அலமாரிகள் வந்தன. தீ அணைக்கும் சிலிண்டர் விடுதிச் சமையலறையிலிருந்து வந்தது. அந்த இருபது நாளும் சமையலறை எந்தப் பாதுகாப்புமின்றி ஐந்நூறு பேருக்குச் சோறு போட்டது. மைய விவரத்தைக் கனகசபாபதியே உட்கார்ந்து எழுதினார். ஆராய்ச்சியாளர் ஆறு பேர், பயிற்சி பெற்ற தொழிலாளர் நானூறு பேர், நடைமுறைப் பேராசிரியர் ஒருவர்.

"நடைமுறைப் பேராசிரியர் யார் சார்?" என்று கேட்டாள் பாண்டிச்செல்வி.

"பட்டம் இல்லாட்டியும் தொழில்ல ரொம்ப வருஷ அனுபவம் உள்ளவங்களைப் பல்கலைக்கழகம் பேராசிரியரா வெச்சுக்கலாம்னு விதி வந்திருக்கு. ஒருத்தர் இருந்தா கமிட்டிக்குப் பிடிக்கும்."

"பேர் என்ன போடட்டும்?"

"நேரில் அறிமுகப்படுத்தப்படுவார்னு போடுங்க. அன்னைக்கு அவருக்குக் காய்ச்சல்னு சொல்லிரலாம்."

மையத்தில் பயிற்சி நடப்பதுபோல் காட்ட வேந்தரின் கம்பெனியிலிருந்து இருபது பெண்களை அழைத்துவருவது என்று முடிவானது. போர்மேன் காசிராஜன் பட்டியல் அனுப்பினார். அமைதியானவர்களாகப் பார்த்துப் போட்டிருப்பதாகக் கீழே ஒரு குறிப்பு. ஒன்பதாவது பெயர் வள்ளித்தாய்.

பாண்டிச்செல்வி அந்தக் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயரை அடித்துவிட்டு வேறு யாரையாவது கேட்கலாம். யாரும் காரணம் கேட்கப்போவதில்லை. பேனாவை எடுத்தாள். அக்காளை யார் கண்ணிலும் படாமல் வைக்க இருபத்திரண்டு வருடம் கழித்தும் தன் கை இவ்வளவு சுறுசுறுப்பாக இருப்பது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. பேனாவை மூடி வைத்தாள்.

சாயங்காலம் வீட்டில் வள்ளித்தாய் கையில் ஒட்டியிருந்த வெடிமருந்தின் வெள்ளிச்சாயத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினாலாந் தேதி ஒங்க காலேஜுக்குத்தான் கூட்டிட்டுப் போறாகளாமே. நீல ஏப்ரன் குடுத்திருக்காக. அங்கன நான் என்ன பேசணும்?"

"ஒண்ணும் பேச வேண்டாம்க்கா. அவுக பேசுறதக் கேக்குற மாதிரி உக்காந்திருந்தாப் போதும்."

"அத இருவத்தி ரெண்டு வருசமாச் செய்றேன்," என்றாள் வள்ளித்தாய். கொஞ்சம் கழித்து, "ஒன்னயத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடவா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். பாண்டிச்செல்வி பையிலிருந்து விடைத்தாள் கட்டை எடுத்துத் திருத்த ஆரம்பித்தாள். வள்ளித்தாய் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு எண்ணெய்க் கிண்ணத்தை உள்ளே கொண்டு வைத்தாள்.

பதினான்காம் தேதி வாசலில் செண்டை மேளம், பூரண கும்பம், கொடி பிடித்த மாணவிகள் அறுபது பேர் காத்திருந்தார்கள். மர்யா மதுரையிலிருந்து அரசுப் பஸ்ஸில் வந்து, பின்பக்க கேட்டருகே இறங்கி, முதுகுப் பையோடு தானே நடந்து நேராகத் துணைவேந்தர் அறைக்கு வந்துவிட்டார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான பெண்மணி. முன்வாசலில் மேளம் முக்கால் மணி நேரம் வெறும் சாலையை வரவேற்றுக்கொண்டிருந்தது. பிறகு வேந்தர் வந்து பொன்னாடை போர்த்தினார். புகைப்படக்காரர் முன்வாசலில் நின்றதால், அவர் வந்ததும் திரும்பப் போர்த்தினார். கலைநிகழ்ச்சிக்குப் போகலாம் என்றதற்கு, "முதலில் மையம்" என்றார் மர்யா.

மையத்தில் இருபது பெண்கள் நீல ஏப்ரன் போட்டு மூன்று வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வேந்தர் நாற்காலியில், காசிராஜன் கதவோரத்தில். கனகசபாபதி நாற்பது நிமிடம் திரையில் படம் காட்டி, மையம் எப்படி எல்லாக் கோணத்திலிருந்தும் பாதுகாப்பைப் பார்க்கிறது என்று விளக்கினார். மர்யா அதில் ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை. முடிந்ததும் நாற்காலியைத் திருப்பிப் பெண்களுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். பாண்டிச்செல்வியை மொழிபெயர்க்கச் சொன்னார்.

"உங்கள் வேலையில் விபத்துகள் எதனால் வருகின்றன?"

"பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்காததனால்," என்று இருபது பேரும் சேர்ந்து சொன்னார்கள். நான்கு நாள் சொல்லிக்கொடுத்திருந்தார் காசிராஜன்.

மர்யா சிரித்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, இரண்டாம் வரிசையில் வாயை மட்டும் அசைத்திருந்த ஒருத்தியை விரலால் சுட்டினார். "நீங்கள் சொல்லுங்கள்."

வள்ளித்தாய் தங்கையைப் பார்த்தாள். தங்கை தரையைப் பார்த்தாள்.

"வெடிமருந்து கலந்தா அன்னைக்கே வெடிக்குள்ள செலுத்தி முடிச்சிரணும்," என்று ஆரம்பித்தாள் வள்ளித்தாய். "மிச்சம் வெச்சு மறுநா எடுத்தா அதுக்கு வேற குணம். கிட்டக் கைய நீட்டினாலே சூடா வெக்க அடிக்கும். ரூமுக்கு நாலு பேருன்னு செவுத்துல எழுதியிருக்கு. ஆர்டர் கூடுனா எட்டுப் பேரு உக்காருவோம். அதுக்கும் மேல போச்சுன்னா வேப்பமரத்தடியில உக்காத்துவாக. வாசல்ல டப்பா அடுக்கியிருக்கும். ஒருத்திக்குக் கை தவறுனா அடுத்தவ ஓட வழி கிடையாது. எங்களுக்குப் பயிற்சி பத்தலைன்னு சொல்லுதாக. எங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சதச் செய்ய விட மாட்டாக."

கனகசபாபதி இருமினார். பாண்டிச்செல்வி ஆங்கிலத்தில், "பயிற்சியின் அவசியத்தைப் பற்றிச் சொல்கிறார்" என்றாள்.

"இவ்வளவு நேரம் பேசியது அந்த ஒரு வரியா?" என்று கேட்டார் மர்யா.

அதே நேரத்தில் வள்ளித்தாயும் கேட்டாள். "ஏட்டி, நான் சொன்னதச் சொன்னியா? அம்புட்டுச் சின்னதா இருக்கு."

அந்த 'ஏட்டி'யில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு முகங்களும் ஒரே சாயலில் இருப்பது காசிராஜனுக்கு அப்போதுதான் தெரிந்தது. பாண்டிச்செல்விக்குக் காது சூடாகிவிட்டது. மறைக்க இனி ஒன்றும் மிச்சமில்லை என்றதும், எதிர்பாராத விதமாக, குரல் நிதானமானது.

"மன்னியுங்கள், நான் தவறாகச் சொல்லிவிட்டேன். இவர் என் அக்கா. இவர் சொன்னது இதுதான்," என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். எட்டுப் பேர், வேப்பமரம், டப்பா, எல்லாம் சொன்னாள். மர்யா எழுத ஆரம்பித்தார். மிச்ச மருந்தைத் தொடச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"ரெண்டு வருசம் முந்தி அப்பிடி ஒரு நா. மழ பேஞ்ச மறுநா. மூணாம் நம்பர் ரூம்ல முந்தின நாளு மருந்து இருந்துச்சு, வெக்க அடிச்சுச்சு. நான் தொட மாட்டேன், யாரும் தொடாதீகன்னு எட்டுப் பேரையும் கூட்டிக்கிட்டு வெளிய வந்து வேலியோரமா நின்னுட்டேன். அன்னைக்குக் கூலி கிடையாதுன்னாரு போர்மேன். பதினோரு மணிக்கு ரூம் வெடிச்சுப் போயிருச்சு. உள்ள ஆளு இல்ல. அதனால பேப்பர்லயும் வரல."

பாண்டிச்செல்வி இதை மொழிபெயர்க்கும்போது பாதியில் நின்றுவிட்டாள். அவளுக்கே இது புதுச் செய்தி. அந்த நாளும் அக்கா வழக்கம்போல வேனிலிருந்து இறங்கி வந்து, சோறு பொங்கி, தங்கைக்கு இயக்குநர் பதவி கிடைத்ததற்காகக் கேசரி கிண்டியிருக்கலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியைச் சொன்னாள்.

வேந்தருக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் பிடிபடும். தமிழில் கேட்டது பிடிக்கவில்லைதான். ஆனால் வெள்ளைக்காரி இவ்வளவு ஆர்வமாக எழுதிக்கொள்வதால் காரியம் நல்லபடியாகவே போகிறது என்று கணித்து, புன்னகையைக் கலைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

மர்யா நோட்டை மூடினார். "நீங்கள் அனுப்பிய விவரத்தில், நடைமுறைப் பேராசிரியர் ஒருவர், நேரில் அறிமுகப்படுத்தப்படுவார் என்று இருந்தது. இவர்தானா?"

கனகசபாபதியின் நாக்கு நுனியில் காய்ச்சல் தயாராக இருந்தது. ஆனால் அவர் முப்பது வருடம் பல்கலைக்கழக நிர்வாகத்தில் இருந்தவர். இந்தப் பெண் தொழிலாளி என்றால் இப்போது சொன்னது புகார். பேராசிரியர் என்றால் அதுவே ஆராய்ச்சி. ஒரு விநாடியில் இது அவருக்கு விளங்கிவிட்டது.

"ஆமாம்," என்றார். "இவருடைய கள ஆய்வின் முடிவுகளைத்தான் கேட்டீர்கள்."

"என்னடி சொல்றாரு?" என்று கேட்டாள் வள்ளித்தாய்.

"ஒன்னயப் பேராசிரியர்னு சொல்றாருக்கா."

"அவருக்கு மேலுக்குச் சொகமில்லையா?"

மர்யா ஊர் போய்ச் சேர்ந்த வாரத்தில் ஹல்லமாகி பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் செய்தி வந்தது. பேராசிரியர் வள்ளித்தாயின் படம், கீழே அவர் கண்டறிந்தவை. தரக் குழு அதைப் பார்த்துவிட்டு, இந்தியாவில் ஒரு பட்டாசுத் தொழிலாளியைப் பேராசிரியராக அமர்த்திய தைரியத்தைப் பாராட்டி எழுதியது. ஜூன் மாதம் ஹல்லமாகியில் நடக்கும் கருத்தரங்குக்குப் பேராசிரியர், மொழிபெயர்ப்பாளர், வேந்தர் மூவருக்கும் அழைப்பு வந்தது.

வள்ளித்தாய்க்குப் பணி நியமன ஆணை போன ஆகஸ்டு தேதியிட்டுத் தயாரானது. அவளையும் பாண்டிச்செல்வியையும் வேந்தர் அறைக்கு வரவழைத்தார்கள். கம்பெனியில் இருபத்திரண்டு வருடத்தில் ரத்தினசாமியை அவள் ஆயுத பூசை அன்று மட்டும், முப்பது அடி தூரத்தில் பார்த்திருக்கிறாள். இப்போது எதிரே நாற்காலி போட்டிருந்தது.

"ஒன்னயப் பேராசிரியராப் போட்டாச்சு தாயி," என்றார் அவர்.

"பாடம் நடத்தணுமா அண்ணாச்சி?"

"அதெல்லாம் வேண்டாம்."

"அப்பொறம் எதுக்கு?"

வேந்தர் துணைவேந்தரைப் பார்த்தார். துணைவேந்தர் மேசையிலிருந்த சின்னக் கொடியைப் பார்த்தார். நாற்பத்து மூன்று ஒப்பந்தங்கள் போட்டவரிடம் இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"பின்லாந்துல பேசணும்ல," என்றார் வேந்தர் கடைசியில்.

"அங்கன வந்தாலும் எனக்குத் தெரிஞ்சதத்தான் பேசுவேன். வேற எழுதிக் குடுத்தா வாசிக்க வராது."

அவள் போன பிறகு பாண்டிச்செல்வியை மட்டும் இருக்கச் சொன்னார். "அவ தமிழ்ல என்ன வேணாலும் பேசட்டும்மா. நீ இங்கிலீஷ்ல பாத்துப் பக்குவமாச் சொல்லு. ஒன்னய நம்பித்தான் அனுப்புறேன்." பாண்டிச்செல்வி, "சரிங்க வேந்தர்" என்றாள். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. இந்தத் தடவை அதற்காக அவளுக்கு வெட்கமாக இல்லை.

ஹல்லமாகியில் சின்ன அரங்கம், எண்பது பேர். பெரும்பாலும் சுரங்கத்தில் வேலை செய்து படிக்க வந்தவர்கள். வள்ளித்தாய் பட்டுச்சேலைக்கு மேல் தங்கையின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஒலிபெருக்கி முன்னால் நின்றாள். முதல் வரிசையில் ரத்தினசாமியும் லட்சுமிகாந்தமும். பன்னிரண்டு நிமிடம் பேசினாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பாண்டிச்செல்வி ஒரு வாக்கியம் சொன்னாள், கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. மூன்றாம் நம்பர் அறையைப் பற்றிச் சொன்னபோது பின்வரிசையில் ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

கேள்வி நேரத்தில் ஒரு மாணவி எழுந்தாள். "இது எந்தத் தொழிற்சாலையில் நடந்தது என்று சொல்ல முடியுமா?"

பாண்டிச்செல்வி தமிழில் சொன்னாள். சொல்லிவிட்டு, "வேண்டாம்னா விட்டுரலாம்க்கா" என்றும் சேர்த்தாள்.

"எதுக்கு விடணும்? எங்க அண்ணாச்சி கம்பெனிதான். அந்தா உக்காந்திருக்காகல்ல."

அவள் கை காட்டியதைப் பார்த்து எண்பது பேரும் முதல் வரிசையை எட்டிப் பார்த்தார்கள். பாண்டிச்செல்வி மொழிபெயர்த்தாள். பிறகு மர்யா எழுந்து கை தட்ட ஆரம்பித்தார். அப்புறம் அந்த மாணவி, அப்புறம் அரங்கம் முழுக்க.

ரத்தினசாமி மனைவி பக்கம் சாய்ந்தார். லட்சுமிகாந்தம் கான்வெண்டில் படித்தவர்.

"இங்கிலீஷ்ல என்ன சொல்லிட்டா?"

"நம்ம கம்பெனிதான்னு அப்பிடியே சொல்லிட்டா."

"அதுக்கு எதுக்குக் கை தட்டுறாக?"

"பின்னால பேசிக்கிடுறாக. தன் தப்பச் சொல்ற ஆளத் தானே பேராசிரியராக்கி, தானே கூட்டிட்டு வந்து, முன்னால உக்காந்து கேக்குறீகளாம். இப்பிடி ஒரு முதலாளிய அவுக பாத்ததில்லையாம்."

ரத்தினசாமி சற்று யோசித்தார். வியாபாரத்தில் நாற்பது வருட அனுபவம். எழுந்து நின்று, அரங்கத்தைச் சுற்றிலும் பார்த்துக் கும்பிட்டார். கைத்தட்டல் கூடியது.

மாலையில் வெளிப்படைத்தன்மைக்காக அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். கூடவே, இரண்டு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து வருடாவருடம் அவருடைய தொழிற்சாலையில் ஆய்வு செய்து முடிவுகளை வெளியிடும் என்று ஒரு துணை ஒப்பந்தம். முதல் பக்கத்தைப் பார்த்து, கேமராவைப் பார்த்து, கையெழுத்துப் போட்டார்.

ஊர் திரும்பிய பிறகு மற்ற பட்டாசு முதலாளிகள் பதறிப்போய்ப் போனில் பிடித்துக்கொண்டார்கள். ஒங்க பேராசிரியர் அம்மா எங்க கம்பெனிக்கும் வாராகளா என்று கேட்டார்கள். அவர் கேடயத்தைப் பற்றிச் சொன்னார். அவர்கள் கேடயத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஒப்பந்தப்படி மர்யா ஆய்வுக்கு வந்துவிடுவார் என்பதால், வேறு வழியில்லாமல் ஆகஸ்டிலிருந்து அவருடைய கம்பெனியில் ரூமுக்கு நாலு பேர் என்பது நடைமுறைக்கு வந்தது. மரத்தடி காலியானது. வாசலில் டப்பா அடுக்கினால் காசிராஜனே தூக்கி வெளியே வைத்தார்.

அதன் பலன் முதல் வாரத்திலேயே வள்ளித்தாய் வீட்டு வாசலுக்கு வந்தது. அறையில் இடமில்லாமல் வேனில் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் பதினாறு பேர். முத்துமாரியம்மாள் பெயரில் பல்கலைக்கழகம் நடத்துகிற ரத்தினசாமியை அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. வள்ளித்தாயைத்தான் சொன்னார்கள்.

"நீ பேராசிரியராயிட்ட. எங்களுக்கு வேலையில்லாமப் போச்சு. எட்டுப் பேரா உக்காந்தாலும் அடுப்பு எரிஞ்சுச்சுல்ல?"

அவர்கள் சொன்னது சரிதான் என்று வள்ளித்தாய்க்குத் தெரியும். அன்று சாப்பிடவும் இல்லை. பாண்டிச்செல்வி, "நீ செஞ்சது தப்பில்லக்கா" என்றதற்கு, "தப்பில்லதான். பாதியில நிக்குது" என்றாள்.

மறுநாள் காலையில் அவள் வேனில் ஏறவில்லை. தங்கையோடு பல்கலைக்கழகப் பஸ்ஸில் ஏறினாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி யாரென்று கேட்டபோது, "எங்க அக்கா. அண்ணாச்சி பட்டாசு கம்பெனியில இருக்காக," என்றாள் பாண்டிச்செல்வி. வேந்தர் அறை வாசலில் இருவரும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார்கள். வேந்தர் கூட்டத்தில் இருப்பதாக உதவியாளர் மூன்று முறை சொன்னார். நான்காவது முறை வள்ளித்தாய், "பேராசிரியர் வந்திருக்கேன்னு சொல்லுங்க" என்றாள். கதவு திறந்தது.

"நாலு பேருன்னா நாலு பேருதான் அண்ணாச்சி. அதுல மாத்தமில்ல," என்றாள், நாற்காலியில் உட்கார்ந்தபடி. "வெளிய நிக்கிற பதினாறு பேருக்கு ரூம் வேணும். நாலு ரூம் கூடக் கட்டணும். மேக்குப் பக்கம் காலி எடம் கெடக்கு."

"நெனச்சவொடன கட்டிர முடியுமா? லைசென்ஸ் வாங்கணும். சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு மனுப் போடணும். அங்க இங்கன்னு பேப்பர் சுத்தி வரும்."

"இருவது நாள்ல ரெண்டு குடோன் கட்டுனீகளாமே."

ரத்தினசாமி பாண்டிச்செல்வியைப் பார்த்தார். பாண்டிச்செல்வி அவரைத் திருப்பிப் பார்த்தாள், தரையை அல்ல.

"மனு எழுதிட்டுத்தான் வந்திருக்கோம் வேந்தர்," என்று ஒரு காகிதத்தை மேசையில் வைத்தாள். "ரூம் கட்டி முடியிற வரைக்கும் பதினாறு பேரையும் வாரத்துக்கு மூணு நாள் முறை வெச்சுக் கூப்பிடுறதுன்னு கீழ எழுதியிருக்கு."

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டார். காகிதத்தின் முதல் பக்கத்தைப் படித்தார். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் எதிர்பாராதபடி, அடுத்த பக்கத்தைப் புரட்டி அதையும் படித்தார். படித்து முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

"இந்த ஆளுக வெளிய நின்ன சேதி பின்லாந்துக்குப் போயிறக் கூடாது தாயி," என்றார், பேனாவை மூடிக்கொண்டே.

"நானாச் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி," என்றாள் வள்ளித்தாய். "அந்தம்மா மாசி மாசம் வருது. கேட்டா, உள்ளதச் சொல்லுவேன். அதுக்குள்ள ரூமக் கட்டிருங்க."

காகிதத்தை வாங்கி மடித்துத் தங்கையிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். சூலக்கரைக்குப் பதினொன்றரை பஸ் இருந்தது. அதைப் பிடித்தால் மத்தியானத்துக்குள் மனுவைக் கொடுத்துவிடலாம் என்று இருவரும் வேகமாக நடந்தார்கள்.